ஏழாம் நம்பர் வீட்டு மனு

“உங்க வீட்டுக்காரரு அன்னிக்கு எந்தப் பக்கமா படுத்திருந்தாரு?”

தவமலர் யோசிக்கவே இல்லை. “சன்னல் ஓரமா. அங்கதான்யா முதல்ல தோண்டணும்” என்றாள்.

தர்மா எழுதிக்கொண்டான். மாநிலத் தலைநகர் குவாந்தானிலிருந்து வந்து நான்கு நாளாகிறது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அரசாங்கம் வெட்டிப் போட்ட மேடு மழையில் சரிந்து, ரிங்லெட்டுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீடுகள் நான்கை மூடிவிட்டது. தவறு தன்னுடையதுதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பது தர்மாவின் வேலை.

பட்டியலில் ஐந்து பேர். நான்கு உடல்கள் கிடைத்துவிட்டன. மிச்சம் ஏழாம் நம்பர் வீட்டு ரெங்கசாமி, வயது அறுபத்து மூன்று. அந்த மனு ஒன்று பாக்கி இருப்பதால்தான் மண் தோண்டும் மெசின் இன்னும் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

“காசு எப்பக் கிடைக்கும்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா?”

“அது கெடக்கு. இருட்டறதுக்குள்ள மெசின நிறுத்திட மாட்டாங்களே?”

தர்மாவுக்கு எங்கோ இடித்தது. வீட்டுப் பதிவில் ரெங்கசாமி, தவமலர் என்று இரண்டே பெயர். சரிவு நடந்த ராத்திரி அவள் பூத்தோட்டத்தில் பூக்கட்டும் வேலையில் இருந்ததால் தப்பித்தாள். முதல் நாளே மனு கொடுக்க வந்திருக்கிறாள். மண்ணுக்குள் இருப்பவரின் ஐசி, அதாவது அடையாள அட்டை, எங்கே என்று கேட்டதும் திரும்பிப் போயிருக்கிறாள். மறுநாள் ரெங்கசாமியின் ஐசியோடு வந்து நின்றாள்.

வீடே மண்ணுக்குள் போயிருக்க ஐசி மட்டும் எப்படி வந்தது? கேட்டதற்கு, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் இருந்தது என்றாள்.

அவன் லயத்துக்குள் இறங்கி விசாரித்தான். ஆறாம் நம்பர் வீட்டுக் குமுதா வாசலிலேயே பதில் சொன்னாள்.

“அன்னிக்குச் சாயந்திரம்கூட மோட்டார் சைக்கிள் கழுவிக்கிட்டு இருந்தாரு சார்.”

“யாரு?”

“ரெங்கசாமி அண்ணன்தான், வேற யாரு?”

அடுத்த வீட்டிலும் மோட்டார். அதற்கடுத்த வீட்டிலும் மோட்டார். ஒருவர் விடாமல் ஒரே பதில். பாடம் படித்தது போலிருந்தது.

மேலே, மெசினுக்குப் பக்கத்திலேயே பத்துப் பதினைந்து ஆண்கள் மண்வெட்டியோடு சேற்றில் நின்றார்கள். “மெசின் இருக்கறப்ப நீங்க எதுக்குண்ணே சாவறீங்க?” என்று முன்னால் நின்ற காளியண்ணனைக் கேட்டான். அவர் நிமிராமல், “சும்மா நிக்க முடியல லா” என்றார். சாமான் தேடுகிறார்கள் என்று தர்மா நினைத்துக்கொண்டான்.

நேராக ஆபீசுக்குப் போய்ச் சம்பளப் புத்தகத்தைக் கேட்டான். கிராணி திருச்செல்வம் அதை எடுத்துக் கொடுக்க நெடுநேரம் பிடித்தது. ரெங்கசாமியின் பெயருக்கு நேரே மாதா மாதம் ஒரே வரி: மெடிக்கல் லீவு.

“என்ன கிராணி, நாலு வருசமா மெடிக்கல் லீவா? அப்படி என்ன சீக்கு?”

“நெஞ்சு வலி சார்.”

“நெஞ்சு வலிக்காரருதான் குந்தி ஒக்காந்து மோட்டார் கழுவினாரா?”

கிராணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அவரு செத்துட்டாரு சார்.”

“அதுக்குத்தானே மனு?”

“இல்ல. நாலு வருசத்துக்கு முன்னாடியே. வேலைக்காரன் பேரு இல்லாட்டி வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. தவமலர் எங்க போகும்? அதான் ஆள மட்டும் பொதச்சோம். புக்குல சாகடிக்கல.” அவர் குரல் இறங்கியது. “என் வேலை போனாலும் பரவால்ல. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மெசின விட்டுருங்க.”

தர்மா புத்தகத்தை மூடினான். இந்த ஆளுக்குமா பங்கு? ஒரு லயமே சேர்ந்துகொண்டு அரசாங்கத்தை ஏமாற்றுகிறதே! சரியும் மண்ணில், எந்த நேரமும் மேடு மறுபடி விழலாம் என்ற பயத்தோடு, மெசின்காரன் நான்கு நாளாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு யாரைத் தோண்டுகிறான்? சுடுகாட்டில் கிடக்கிறவனையா?

மழையில் நனைந்துகொண்டே மேடேறினான். மெசினுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் உயர்த்தி, “பெர்ஹெந்தி! நிறுத்து!” என்று கத்தினான்.

மெசின் நின்றது. நான்கு நாளாய் இரைந்துகொண்டிருந்த மேடு சட்டென்று அமைதியானது.

தவமலர் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தாள்.

“செத்து நாலு வருசமான மனுசன் பேருல இழப்பீடு கேக்கறீங்களே, கூசலையாம்மா?” தர்மா மனுவை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். “கிராணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ரெங்கசாமி உள்ள இல்ல. மெசின கீழ எறக்கப் போறோம்.”

மெசின் நின்ற பிறகும் மண்வெட்டிகள் மட்டும் நிற்கவில்லை என்பதை அப்போதுதான் தர்மா கவனித்தான். சன்னல் இருந்த இடத்தில் காளியண்ணன் வெறுங்கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தார்.

தவமலர் கைகூப்பினாள்.

“மனுவக் கிழிச்சிப் போடுங்கய்யா, மெசின மட்டும் நிறுத்தாதீங்க... உள்ள இருக்கறது, பொறந்ததையே நீங்க பதிஞ்சு தராத என் மகன்.”