ஒரு வரி மட்டும் கிடைக்கவில்லை

அது அவள் குரல்தான். ஆனால் அந்தப் பாட்டை அவள் பாடவே இல்லை.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எப்போது பாடினோம்? போன மாதம் காய்ச்சலோடு வந்தபோதா?

எதிரே ஜெரோம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு வருடமாக இவர்கள் இருவர் மட்டும்தான். அவன் கிதார், அவள் குரல். ட்ரீம் பாப், கனவு மாதிரி மிதக்கும் அந்த மேற்கத்திய இசை, வீட்டில் யாருக்கும் விளங்காது. எந்தக் கம்பெனியும் சீந்தவில்லை. கடலூரில் இந்த மாடி அறையில், சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிந்து பதிவு செய்த மூன்று ஆல்பங்கள். வரிகள் எல்லாம் அவனுடையவை. வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். எழுதி அவளிடம் நீட்டிவிடுவான்.

இன்று அவள் வந்தது பாடுவதற்காக அல்ல. தர்மபுரியில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெட்போனை மாட்டிவிட்டான்.

'மழை' என்ற சொல் வந்தபோது பிடிபட்டது.

முதல் ஆல்பத்தில், சுருதி விலகிவிட்டதென்று அவளே அழிக்கச் சொன்ன 'மழை' அது. அடுத்து வந்த மூச்சு, அப்பாவோடு சண்டை போட்டு அழுதுவிட்டு வந்து பாடிய நாளுடையது.

அவன் எதையுமே அழிக்கவில்லை. வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் வெட்டி, துண்டு துண்டாக ஒட்டியிருக்கிறான்.

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"அப்ப நான் எதுக்குடா?"

"ஆர்டர் வந்தத உங்கம்மா சொன்னாங்க. நீ இல்லாம சமாளிக்க முடியுதான்னு பாத்தேன்."

சமாளித்துவிட்டானா, இல்லையா? பாட்டு நன்றாக வேறு இருந்தது. அதுதான் அவளைப் போட்டுக் குழப்பியது.

முடியும் முன்பே பாட்டு நின்றுபோனது.

"கடைசி வரி மட்டும் வரல. ஒட்டிப் பாத்தேன். பொய்யா இருக்கு."

காகிதத்தை நீட்டினான்.

போகாதே. இங்கேயே இரு.

மின்விசிறியை நிறுத்தினான். பதிவை ஓடவிட்டான்.

அவள் மைக்கின் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். காகிதத்தை மறுபடி படித்தாள்.

போகப்போகிறவள் அவள். அவள் யாரைப் பார்த்து இதைப் பாடுவது?

மைக்கைத் திருப்பி அவன் முகத்துக்கு நேராக வைத்தாள்.

"நீயே சொல்லு."

ஒரு நிமிடம் ஓடிவிட்டது. இன்னும் சத்தமில்லை.

அவன் பதிவை நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.