செவ்வாய், வெள்ளிக் கசாயம்

கோட்டைச்சாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே குத்தில் ஊசியில் நூலைக் கோத்தார். அப்புறம் அடுத்த கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு ஊசி. கோத்த இரண்டையும் பாலகுருவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எளுதிக்கோங்க சார். எல்லாம் பச்சிலை."

பாலகுரு எழுதிக்கொண்டான். புற்றுநோயைக் கரைக்கும் மூலிகை தேடி மதுரைக் கல்லூரியில் ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவன். நித்தியகல்யாணி தொடங்கி நாற்பது செடிகளை அரைத்துப் பார்த்தாயிற்று. புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. இந்தத் தடவையும் வெறுங்கையோடு போனால் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான். எம். புதுப்பட்டியில் பச்சிலையாலேயே கட்டியைக் கரைத்த ஒருவர் இருக்கிறார் என்ற சேதி அவன் காதில் தேனாகப் பாய்ந்தது.

போன தீபாவளி சீசனில், பட்டாசுக் கம்பெனியில் திரி செருகிக்கொண்டிருந்த கோட்டைச்சாமிக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கிற வலி. பார்வையும் பாதி போய்விட்டது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பியில், நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி என்றது ஸ்கேன். மாத்திரையிலேயே சுருக்கிவிடலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். இவர் வீட்டுக்கு வந்ததும், தெருவே பார்க்க, மாத்திரையைக் குப்பைமேட்டில் வீசிவிட்டார்.

"பகல் பூரா கையில வெடிமருந்து. வீட்டுக்கு வந்தா வாயிலயும் மருந்தா? பச்சிலை போதும்னுட்டேன்."

மனைவி முருகம்மாள்தான் காட்டிலிருந்து ஏதோ இலை பறித்துவந்து கசாயம் வைத்துக் கொடுத்தாளாம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும், சாமி கும்பிட்டு, சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர். நாலே மாசத்தில் கட்டி சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது. கம்பெனியிலும் பழைய இடம் கிடைத்துவிட்டது. புது ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, முருகம்மாளைப் பார்த்துச் சிரித்தாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மனிதர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பாலகுரு அடுப்படிப் பக்கம் போனான். இலையின் பெயரைக் கேட்டு அன்று காலையிலிருந்து இது மூன்றாவது நடை. முதல் இரண்டு தடவையும், 'சொன்னால் பலிக்காது' என்று முருகம்மாள் கையை விரித்திருந்தாள்.

அந்த இலையால் ஆயிரம் உயிர் பிழைக்கும் என்றான். அவள் அசையவில்லை. அவள் பெயர் புத்தகத்தில் வரும் என்றான், சிரித்தாள். கடைசியில், தன் பிழைப்பே இதில்தான் இருக்கிறது என்ற உண்மையைச் சொன்னான்.

"மதுரையிலருந்து என்ன வேணும்னாலும் வாங்கியாறேன்க்கா. ரகசியத்தை மட்டும் சொல்லுங்க."

அவளுக்கே பாவமாகிவிட்டது. வாசல்வரை போய், புருஷன் தெருமுனையைத் தாண்டிவிட்டாரா என்று பார்த்துவிட்டு வந்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவி, எதையோ எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

பாலகுரு கையைத் திறந்தான். காலி மாத்திரை அட்டை. ஓரத்தில் டாக்டரம்மாவின் கையெழுத்தில் 'செவ்வாய், வெள்ளி' என்றிருந்தது.

"இதுல நாலு அட்டை வாங்கியாங்க சார், வர்ற வெள்ளிக்குக் கசாயத்துல பொடிச்சுப் போட ஒண்ணுகூட இல்ல."