கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“பிறந்தது இங்கே, பாஸ்போர்ட் அந்த நாட்டுது. எப்படி?”

எல்லைச் சாவடியின் ஒரே ஜன்னல் அது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் மேலதிகாரி கைகட்டி நின்றிருந்தார்.

“கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கேயே தங்கிட்டேன் மேடம்,” என்றார் பேராசிரியர்.

“என்ன வேலை?”

“காலேஜ்ல பாடம் எடுக்கிறேன். நாடுகள் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பழகுதுன்னு. மனுஷங்க சட்டத்தை உண்டாக்குறாங்களா, சட்டம் மனுஷங்களை உண்டாக்குதாங்கிறதுதான் என் ஆராய்ச்சி.”

“கண்டுபிடிச்சாச்சா?”

“இன்னும் இல்லை.”

“எங்க வரிசையில நாலு தடவை நின்னா தெரிஞ்சிடும்!” மேலதிகாரி தானே சொல்லித் தானே சிரித்தார்.

பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. ஓரத்து பெஞ்சில் ஒரு வியாபாரி வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். இந்தச் சாவடியில் வேலை பார்க்கும் மச்சானுக்கு ஒரு வணக்கம் வைத்தாராம், பாவம். சாவடி ஆட்களுக்கு அந்தப் பக்கத்தில் சொந்தம் இருக்கக் கூடாதாம். முந்தாநாளிலிருந்து தனி விசாரணை.

“எதுக்கு வந்தீங்க?”

“அம்மா ஆஸ்பத்திரியில. இன்னிக்குப் பொழுது தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.”

“வருஷக்கணக்கா வராத பிள்ளைக்கு இப்பதான் அம்மா ஞாபகம் வந்துச்சோ?”

“விசா கிடைக்கலை மேடம்.”

“எல்லாரும் சொல்றதுதான். அம்மாவை யாரு பார்த்துக்கிறா?”

“அக்கா.”

“அக்கா இருக்கும்போது நீங்க எதுக்கு? பையைத் திறங்க.”

இரண்டு சட்டை, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.

“இது யாருக்கு?”

“அம்மாவுக்கு. அவங்களுக்குக் கால் சீக்கிரம் சில்லிட்டுடும்.”

அதிகாரி காலுறைக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுக்கவே மனசில்லாதவர் போல வெகுநேரம் துழாவினார்.

“போதும் விடும்மா,” என்றார் மேலதிகாரி. “மூஞ்சியைப் பார்த்தாலே வாத்தியார்னு தெரியுது. நீ ஒருத்தி போதும், இந்த எல்லைக்கு வேலியே வேண்டாம்!”

உள்ளறையில் போன் அடித்தது. அதை எடுக்க மேலதிகாரி நகர்ந்தார்.

முத்திரை விழுந்தது. பாஸ்போர்ட்டைத் தள்ளிய அதிகாரி அப்போதும் நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“ஓடுடா தம்பி, அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கு. அக்கா எங்கேன்னு கேட்டா, உன்னை உள்ளே விடறதுக்காகத்தான் இன்னிக்கு டியூட்டிக்குப் போயிருக்கான்னு சொல்லு.”