இறங்கி வந்த குதிரை

அவளுடைய கல்யாண மோதிரத்துக்கு அடகுக் கடையில் கிடைத்த பணம் எட்டாயிரம். மொத்தத்தையும் ரேஸில் ஒரு குதிரைமேல் கட்டச் சொல்லி, அவள் தம்பியிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தார் கணவர்.

"முதல் வகுப்புல ஓடின குதிரைடி! மூணாம் வகுப்புக்கு இறக்கியிருக்கான். நடந்து வந்தாலே ஜெயிச்சிடும். ஒண்ணுக்கு அஞ்சு!"

"கால் நல்லா இருந்தா எவன்ங்க இறக்குவான்?"

"உனக்கென்ன தெரியும்?"

குதிரை கடைசியாக வந்தது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவள் கையை நீட்டினாள். விரலில் மோதிரம்.

"எப்படிடி?"

"தம்பி பணத்தைப் பந்தயக்காரன்கிட்ட கட்டல, என்கிட்ட கொடுத்தான். உங்க பந்தயத்தை ஏத்துக்கிட்டது நான்தான். ரேஸுக்கு முன்னாடியே அந்தப் பணத்துல மோதிரத்தை மீட்டுட்டேன்."

"ஜெயிச்சிருந்தா நாப்பதாயிரத்துக்கு எங்கடி போயிருப்ப?"

"பதினோரு வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன், எது ஜெயிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அசல் எட்டாயிரம் நேராயிடுச்சு. வட்டி நூறு நான் கைக்காசு போட்டேன். அது பாக்கி, எடுங்க!"