பற்றுச்சீட்டில்லா இரண்டு தகரம்

1986 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. வாடைக்காற்றும் விடாத தூறலும்.

நெடுந்தீவில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையின் இருப்பை எண்ணி முடித்த கணக்காய்வாளர் தம்பிராசா, முகாமையாளர் சறோஜினிதேவியை நிமிர்ந்து பார்த்தார்.

“ரண்டு தகரம் மண்ணெண்ணெய் குறையுது. ஆருக்குக் குடுத்தனீர்?”

“ஒரு அவசரத்துக்கு, ஐயா. பேர் சொல்லேலாது. காசை என்ர சம்பளத்தில கழியுங்கோ.”

“பற்றுச்சீட்டு இல்லாத வாய்ச்சொல் சான்றாகாது, பிள்ளை.”

முப்பத்தெட்டு வயதில் கணக்காய்வுப் பரீட்சை தேறிய தம்பிராசாவுக்கு அவ்விதி மனப்பாடம். ‘கையாடல்’ என்று அறிக்கை எழுதி, அங்கே கூடியிருந்த சங்க இயக்குநர்களிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் இயந்திர வள்ளம் ஓட்டும் சின்னக்குட்டி நின்றான்.

“என்னண்ணை, அக்கா உள்ளுக்க அழுகிறா?”

“களவெடுத்தா அழத்தானே வேணும்.”

“களவோ? போன மாசம் நீங்கள் யாழ்ப்பாணத்தில நிக்கேக்க, பிள்ளைப்பேற்று நோவில துடிச்ச உங்கட மனிசியை என்ர வள்ளத்தில ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த எண்ணெயிலதான். நீங்கள் கணக்குப் பாக்கிற கடையில கடன்பட்டதா உங்கட பேர் ஏட்டில வந்தா உங்கட உத்தியோகம் போயிடுமெண்டுதான் அவ எழுதேல்லை.”

தம்பிராசா உள்ளே ஓடினார். சறோஜினிதேவியைப் பதவி நீக்கும் தீர்மானத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்திருந்த சங்கத் தலைவர் நிமிர்ந்தார்.

“என்ன கணக்காய்வாளர் ஐயா, ஏதும் விட்டுப்போச்சோ?”

தம்பிராசா சறோஜினிதேவியைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்பதுபோல் அவர் தலையசைத்தார்.

“ஒண்டுமில்லை” என்றார் தம்பிராசா.

சறோஜினிதேவி கடைச் சாவிகளை மேசையில் வைத்தபோது நேரம் பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம்.