பாண்டிப்புலிக்கு ஒரு ரிக்வெஸ்ட்

கட்டைவிரல் மடங்கவில்லை.

காலையில் உழவர்கரை குடோனில் ஒரு லாரி சிமெண்ட் இறக்கிவிட்டு வந்த கை. ஞாயிற்றுக்கிழமையானாலும் லோடு வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். தோளிலிருந்து விரல் நுனிவரை விண்விண்ணென்று தெறித்தது. தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணில் சிமெண்ட் போகவில்லை.

அந்தக் கையில்தான் ஜலால் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தான்.

"மெதுவாப் புடிண்ணே. மூட்டை இல்ல அது."

பாண்டி முத்தியால்பேட்டையில் ஜலாலின் கேம் கடை ஒற்றை அறை. இரண்டு டிவி, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, காற்றைவிடச் சத்தம் அதிகம் போடும் ஒரு ஃபேன். நெட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களோடும் ஆடலாம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தான். அதைப் பார்த்துத்தான் ராமலிங்கம் உள்ளே வந்தான்.

பிரான்சில் பூர்ணிமா அக்கா வீட்டில் ராகவன் இருக்கிறான்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் வந்து பேசுவான். இப்போது வருவதில்லை. "கேம் ஆடறான்டா, கூப்பிட்டா எரிஞ்சு விழறான்" என்பாள் அக்கா. பின்னால் கார்கள் சீறுகிற சத்தம் மட்டும் கேட்கும். அவன் குரலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

போன வாரம் ராமலிங்கம் அக்காவிடம் கேட்டான். அந்தக் கேமில் அவனுக்கு என்ன பேர்?

பாண்டிப்புலி.

பாரீசில் உட்கார்ந்துகொண்டு பாண்டி என்று பேர் வைத்திருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து ராமலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"உனக்கும் ஒரு பேர் வேணும்ணே. பேர் இல்லாம உள்ள விடாது. கெத்தா ஒண்ணு சொல்லு."

வாரம் முழுக்க மூட்டைக்கு மூட்டை யோசித்து வைத்திருந்தான். பாண்டிச்சிங்கம் என்றான். ஜலால் அடித்துப் பார்த்தான். அந்தப் பேரில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தான். பாண்டிச்சிறுத்தை. அதிலும் ஆள். கடைசியில் வெறும் ராமலிங்கம் என்றே போடச் சொன்னான். அதையும் எவனோ எடுத்திருந்தான்.

"என் பேருமா?"

"உலகத்துல நீ ஒருத்தன்தான் ராமலிங்கமா? சிமெண்ட்டுச்சாமின்னு வெச்சுக்கண்ணே. சத்தியமா எவனும் வெச்சிருக்க மாட்டான்."

பக்கத்து டிவியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ராமலிங்கமும் சிரித்தான்.

ஆனால் பேரைப் பார்த்ததும் பையனுக்கு ஆள் யாரென்று தெரிய வேண்டும். தெரியாதவர்களை அவன் சேர்த்துக்கொள்ள மாட்டானாம். அக்கா அதையும் சொல்லியிருந்தாள். சேர்த்துக்கொள்ளாவிட்டால் இந்த வழியும் அடைந்துபோகும்.

"செரி, நீ அவனுக்கு என்ன வேணும்? அதையே போட்டுடலாம்."

ராமலிங்கம் திரையைப் பார்த்தான். காலிக் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மினுங்கியது. "அக்கா வீட்டுப் புள்ள..." என்று இழுத்தான்.

"அக்கா புள்ளன்னா நீ தாய்மாமன்" என்று ஜலாலே முடித்தான். "உங்க ஆளுங்கள்ல காது குத்தறது தாய்மாமன் மடியிலதானே?"

"என் மடியிலதான் குத்தனோம். கத்துன கத்துல வேட்டிய நனைச்சுட்டான்."

"அப்ப அதாண்ணே பேரு."

தாய்மாமன். அடித்த உடனே மிஷின் எடுத்துக்கொண்டது. உலகத்தில் வேறு எவனுக்கும் அந்தப் பேர் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

பாண்டிப்புலிக்கு ரிக்வெஸ்ட் போனது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ராமலிங்கம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அங்கே இப்போது மத்தியானம்தான், சாப்பிட்டுவிட்டு வருவான் என்றான் ஜலால். வாங்கிவந்த டீ ஆறி ஆடை கட்டியது. பக்கத்து டிவியில் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. ராமலிங்கம் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

சேர்த்துக்கொண்டான்.

காதுக்குள் ஒரு குரல் வந்தது. கரகரவென்று இருந்தது. பையனுக்குக் குரல் உடைகிறது. அது ராமலிங்கத்துக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை.

"அலோ? மாமா? நிஜமாவே நீங்களா?"

"நான்தான்டா."

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியாது. நீ சொல்லிக்குடு."

அந்தப் பக்கம் சிரிப்பு. இத்தனை கிட்டத்தில் அந்தச் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை. காதுக்குள்ளேயே உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி இருந்தது.

பிறகு, மைக்கிலிருந்து வாயை எடுக்காமலே, ராகவன் கத்தினான்.

"அப்பா!"

"என்னடா கண்ணு" என்றான் ராமலிங்கம்.

ஜலால் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா, இங்க வாங்களேன்! மாமா கேம் ஆட வந்திருக்காரு!"

தூரத்தில், வேறொரு அறையிலிருந்து, அக்கா புருஷனின் குரல் கேட்டது. "இருடா, வர்றேன்."

ராமலிங்கம் சொன்னது பையன் காதில் விழவில்லை. அவன் பாட்டுக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் கார் கிளம்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ராமலிங்கம் அழுத்தினான்.

ராமலிங்கத்தின் மனைவி மாலா பிரசவத்தோடு போய்விட்டாள். கண் திறக்காத பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, குழந்தையில்லாத பூர்ணிமா சொன்னாள்: "அவனுக்குப் பத்து வயசாகட்டும், நீதான் அவன் அப்பன்னு நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் மாமனா இருடா."

ராகவனுக்கு இப்போது பதிமூன்று நடக்கிறது. அந்த வார்த்தையை அக்கா இன்னும் பாக்கி வைத்திருக்கிறாள்.