தீப்பெட்டி கேஜ்

"கர்நாடகாவுக்குத் தலைநகரம் எது?"

"கோரமண்டல்" என்றாள் ரெபேக்கா.

அப்பா கொர்னேலியஸின் கையிலிருந்த கேள்விச் சீட்டு நழுவிக் கீழே விழுந்தது. "தெனம் அஞ்சு மணிக்கு எழுந்து ரயிலேறி, இன்னா, பக்கத்துல இருக்கிற கோரமண்டலுக்கா நான் வேலைக்குப் போறேன்?"

தம்பி எரிக் விழுந்து விழுந்து சிரித்தான். பத்து வயது ரெபேக்கா சிரிக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கொர்னேலியஸ் செய்த விளையாட்டு அது. ஓர் அட்டைப் பெட்டியை நிறுத்தி வைத்து, பத்துக் கோடு கிழித்து, பத்து லெவல் ஆக்கியிருந்தான். மேலே குறுக்காக ஒரு பென்சில், அதில் சுற்றிய நூல், நூலின் முனையில் ஒரு தீப்பெட்டி. அதுதான் அந்த ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கிய கேஜ் என்கிற கூண்டு.

கேள்விகள் எல்லாம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. சரியாகச் சொன்னால் கேஜ் ஒரு லெவல் இறங்கும். தப்பாகச் சொன்னால் ஒரு லெவல் ஏறும். பத்தாவது லெவலில் தங்கநிறத் தாள் சுற்றிய மிட்டாய் காத்திருக்கும்.

கேஜ் என்றால் உள்ளே ஆள் வேண்டாமா? எரிக் தன் ஆட்டத்துக்கு ஒரு வேர்க்கடலையை உட்கார வைத்தான், ஜெயித்ததும் அதைத் தின்றும் விட்டான். ரெபேக்கா ஒரு மொச்சைக் கொட்டையை எடுத்து, பேனாவால் கண்ணும் அடர்ந்த மீசையும் வரைந்து, பத்திரமாக உள்ளே வைத்தாள்.

நாளைக் காலை அவளுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் நேர்காணல். ஆறாம் வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் அதுவும் போய்விடும்.

ஆறாவது லெவல் வரைக்கும் அவள் தடுமாறவே இல்லை. அப்போதுதான் கொர்னேலியஸுக்கு போன் வந்தது. பெங்களூரில் பூமிக்கடியில் ரயில் பாதை தோண்டும் இடத்தில், மேலே ஸ்டோரில் அவனுக்கு வேலை.

"சரி சார். நாளையிலேர்ந்து நானும் கீழ எறங்கிடறேன். பயமா? சுரங்கத்து ஆளு புள்ள சார் நான்!" என்று மீசையைத் தடவியபடி சிரித்துவிட்டு போனை வைத்தான்.

அவன் மனைவி ஞானசுந்தரி சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைப் பார்த்தாள். சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்கியவர் அவர்; அன்றைக்கு கேஜ் ஏறி வந்தபோது அதில் அவர் இல்லை.

"ஸ்டோர் வேலையே போதும்னு சொன்னேனேங்க."

"அந்தச் சம்பளம் பத்தாது சுந்தரி. புள்ளைங்க படிக்க வேணாமா? அதெல்லாம் கர்த்தர் பாத்துப்பாரு. ரெபேக்கா, நீ அடுத்த சீட்ட எடும்மா."

அடுத்த சீட்டுக்குத்தான் 'கோரமண்டல்' என்று பதில் வந்தது.

எரிக் கரண்டியால் டம்ளரை ஒரு தட்டு தட்டினான். இறங்குவதற்கு இரண்டு தட்டு, ஏறுவதற்கு ஒரு தட்டு. கேஜ் ஐந்தாவது லெவலுக்கு ஏறியது.

"செடி தன் சாப்பாட்ட எதுல செய்யுது?"

"குக்கர்ல."

டிங்!

"இருக்கிற கிரகத்துலயே பெருசு எது?"

"நிலா."

டிங்!

"நேத்து எல்லாத்தையும் கடகடன்னு ஒப்பிச்சியே! ஜெபம் பண்ணிட்டுத்தான ஆரம்பிச்சோம்? வேணும்னே பண்றியா?" கொர்னேலியஸின் குரல் உயர்ந்தது.

ரெபேக்கா தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொயந்தைய ஏன் வையறீங்க? நாளைய நெனச்சு பயந்து போயிருக்கும்." ஞானசுந்தரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மகளுக்குப் புகட்டினாள். அதட்டிக் கேட்டு வராதது ஒரு வாய்த் தண்ணீருக்கு வரும் என்று நம்புகிறவள் அவள்.

தண்ணீர் குடித்தபின்னும் இரண்டு கேள்வி, இரண்டும் தப்பு. கேஜ் முதல் லெவலில் வந்து ஆடியது.

"அக்கா மக்கு! எனக்கே தெரியும்!" என்று குதித்தான் எரிக்.

கொர்னேலியஸ் எழுந்து நின்றான். நாளைக்கு நேர்காணல் மேஜைக்கு முன்னால் இவள் இப்படி நின்றால்? மீதிச் சீட்டுகளைக் கசக்கி மூலையில் எறிந்தான். "பாடமே வேணாம். இதயாவது சொல்லு. உன் டாடி பேரு இன்னா?"

ரெபேக்காவின் உதடு துடித்தது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"தெரியாது."

எரிக்கின் கரண்டி அந்தரத்திலேயே நின்றது. ஞானசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். கொர்னேலியஸ் அடி வாங்கியவன் போலத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ரெபேக்கா தானே கரண்டியை வாங்கி டம்ளரை ஒரு தட்டு தட்டினாள். பென்சிலை மெல்லச் சுற்றினாள். கேஜ் பெட்டியின் உச்சிக்கு வந்து நின்றது.

தீப்பெட்டியைத் திறந்து, மீசை வைத்த மொச்சைக் கொட்டையை எடுத்தாள். அதை உள்ளங்கையில் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க மேல வந்துட்டீங்க டாடி, இப்ப கேளுங்க."